பதிலுக்கு வாசித்த ஆள்

இருபத்தாறு நாள், பத்தொன்பது ஊர், மூன்று பேர், ஒரு வாடகை வேன். ரொட்டிக் கடை மாடியில் வாசித்தார்கள், பழைய புத்தகக் கடையில் வாசித்தார்கள், ஓர் ஊரில் டேபிள் டென்னிஸ் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாசித்தார்கள். முப்பது பேர் வந்தால் அது திருவிழாக் கூட்டம். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லாத இசைக்குழு என்றால் அப்படித்தான். தூக்குவதும் நாமே, துடைப்பதும் நாமே. அதற்கெல்லாம் தங்கை அலுத்துக்கொள்ளவில்லை. வீடு நெருங்க நெருங்க அவளுக்குப் பயமெல்லாம் அண்ணனை நினைத்துத்தான். அவனிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாள். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டிருந்தாலும் பரவாயில்லை, இருபத்தாறு நாளும் போனில் சொன்னாள்.

குழுவில் உண்மையில் நான்கு பேர். பாட்டும் பேஸ் கிதாரும் தங்கை. கிதார், சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையன். கீபோர்டு, பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிற வாத்தியார். டிரம்ஸ், அண்ணன், பதினான்கு வருஷமாக அவன்தான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஸ்பீக்கர் பெட்டியை மாடிப்படியில் இறக்கும்போது அண்ணன் கீழே பிடித்திருந்தான், தங்கை மேலே. போன் அடிக்கிறதே என்று மகராசி ஒரு கையை விட்டாள். அண்ணனின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. அந்தப் போனும் ராங் நம்பர்!

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குப் பதிலா ஒரு ஆளைப் பிடிச்சுக்கோங்க" என்றான் அண்ணன், கட்டுப் போட்ட கையோடு. "ஆனா டிரம்ஸுக்கு மெஷினை மட்டும் ஓடவிட்டு வாசிக்காதீங்க. அதுக்குப் பேசாம வீட்லயே இருந்துடலாம்."

ஆளுக்கு எங்கே போவது? கேட்டவர்கள் எல்லாம் கையை விரித்தார்கள். அப்போதுதான் வாத்தியார் மெல்ல வாயைத் திறந்தார். போன வருஷம் பாட்டுகளைப் பதிவு செய்தபோது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிடித்திருந்தார்கள். அண்ணனின் டிரம்ஸ் மட்டும் தனியே லேப்டாப்பில் இருந்தது. "வேற யாரோ இல்லையேம்மா, நம்ம ஆளுதானே? அவர் இடத்துல அவரையே உக்கார வைக்கிறோம்." கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரிந்துதானே கேட்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டான் என்று மட்டும் தங்கை அவனிடம் சொல்லி வைத்தாள்.

ஊர் ஊராக அந்த டிரம்ஸ் ஸ்பீக்கரில் ஒலித்தது. தாளம் பிசகாமல் இருக்க மூன்று பேரும் இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு வாசித்தார்கள். லேப்டாப்போடு இணைத்த பெடலை வாத்தியார் காலால் ஒரு மிதி மிதித்தால் பாட்டு தொடங்கும்.

தினமும் சாயங்காலம் அண்ணனின் போன் வரும்.

"புது ஆளு எப்படி?"

"ஏதோ ஓட்டுறான்ணா."

"என்னைவிட நல்லா வாசிக்கிறானா?"

"ச்சே, உன் கால் தூசிக்கு வருவானா?"

அண்ணன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதிதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

திரும்பி வந்தபோது அண்ணனின் கைக்கட்டைப் பிரித்திருந்தார்கள். "நாள் முழுக்க ரப்பர் பந்தை அமுக்கிட்டே இருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட பந்தோடதான் வர்றாரு" என்று அண்ணி சொன்னாள். சனிக்கிழமை சொந்த ஊரில் நிகழ்ச்சி. விளம்பரத் தட்டியில் நான்கு பேர் படமும் இருந்தது. அண்ணன் அதைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் பயிற்சி. லேப்டாப் வேண்டாம், அண்ணனோடு நேராக வாசிப்போம் என்றுதான் மூவரும் பேசிக்கொண்டு வந்தார்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வயரை வாத்தியார் கவனமாகப் பிடுங்கிவிட்டார். காதுக்குப் போகிறதைப் பிடுங்க மறந்துவிட்டார், அந்தக் கணக்குப் புலி! பழக்க தோஷத்தில் மூன்று பேரும் இயர்போனைச் செருகிக்கொண்டார்கள். அண்ணன் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கியதும், பத்தொன்பது ஊர் மிதித்த கால் தானாகப் பெடலை மிதித்தது.

தங்கையின் காதில் போன வருஷத்து அண்ணன் வாசிக்கத் தொடங்கினான். அவளுக்குத் திக்கென்றது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏனென்று கேட்பான், குட்டு உடைந்துவிடும். இந்த ஒரு பாட்டு ஓடிவிடட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாட்டு நன்றாகத்தான் வந்தது, இழைத்த பலகை மாதிரி வழவழவென்று. முடித்துவிட்டுத் திரும்பினாள்.

அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் இரண்டாவது சரணத்துலயே நிறுத்திட்டேன். கை வரலை" என்றான். "நீங்க யாரும் நிறுத்தலையே?"

சுருட்டை கிதாரின் கம்பியைத் திருக ஆரம்பித்தான். வாத்தியார் தரையைப் பார்த்தார். அண்ணன் எழுந்து வந்து, தங்கையின் காதிலிருந்து இயர்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டான்.

"போடுங்க வாத்தியாரே."

முழுப் பாட்டையும் நின்றபடியே கேட்டான். இடது கை தொடையில் தாளம் போட்டது. வலது கையும் கூடவே போடப் பார்த்தது, பாதியில் விட்டுவிட்டது.

"நீ சொன்ன ஆளு இவன்தானா?"

"அண்ணா... உன் இடத்துல வேற யாரையும் உக்கார வைக்க மனசு வரலைண்ணா. சத்தியமா அதுதான். சொன்னா நீ—"

"அது போகட்டும் விடு. இவன் என்னைவிட நல்லா வாசிக்கிறானான்னு தினமும் கேட்டேனே. இல்லைன்னியே."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுருட்டை மட்டும், "ரெண்டு மாசத்துல சரியாயிடும்ணே, டாக்டரே சொல்லியிருக்காரே" என்றான். அண்ணன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். ஆறுதல் யாருக்கு யார் சொல்வது என்றே தெரியவில்லை.

பிறகு இயர்போனைக் கழற்றி, வயரைச் சிக்கில்லாமல் சுற்றித் தங்கையின் கையில் கொடுத்தான்.

"சனிக்கிழமை யாரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்க? என்னையா, இவனையா?"

"உன்னைத்தான்ணா" என்றாள் தங்கை.

சொல்லத்தான் சொன்னாள். அரை நொடி பிந்திச் சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், பதினான்கு வருஷம் தாளம் போட்டவன் கவனித்துவிட்டான்.