நான்காவது பாஷை

வேட் டில்லரி பொய்யர் இல்லை. பொய்யராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

அவர் எங்கள் மேரோ பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கீழே இருக்கும் உதவியாளர்களில் ஆகக் கடைசி ஆள் நான். எதிரணிகள் ஆடிய வீடியோக்களை வெட்டித் தொகுப்பது, பையன்களோடு உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இதுதான் வேலை. போன பருவத்தில் இரண்டே ஆட்டம் ஜெயித்தோம். டிசம்பரில் தாக்குதல் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பந்து நம் கையில் இருக்கும்போது யார் எங்கே ஓடுவது, யாருக்கு எறிவது என்று ஒவ்வொரு நகர்வையும் வகுத்துச் சொல்பவர் அவர்தான். அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று பத்திரிகைக்காரர்களிடம் டில்லரி சொன்னார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மேரோவில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் அடி வாங்குகிறவன் டாரியன் போக்ஸ். எங்கள் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி எறிகிறவன். மூன்று வருடத்தில் மூன்று தாக்குதல் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டான். அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு பருவம். அதில் நன்றாக ஆடினால்தான் சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகள் திரும்பிப் பார்க்கும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். தாக்குதல் பயிற்சியாளர் எங்கே போனாலும் தன் பாஷையையும் கூடவே கொண்டுபோவார். பத்தடி நேராக ஓடி உள்ளே திரும்புவதை முதலில் வந்தவர் ‘வாத்து’ என்றார். அடுத்தவர் ‘டென்வர்’ என்றார். மூன்றாமவர் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். ஓட்டம் ஒன்றுதான். ஆனால் மலைமாதிரி ஒருவன் பாய்ந்து வரும்போது மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த அரை நொடியில்தான் டாரியன் ஒவ்வொரு வாரமும் மண்ணைக் கவ்வினான். ஊரில் அவனை மந்தம் என்றார்கள். வேதியியல் படிக்கிற பையன்.

புது ஆளைத் தேடினார்கள். மூன்று பேரையாவது நேரில் பார்த்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. முதல் இரண்டு பேரும் தடித்தடியாகப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைப் பலகை முழுக்கக் கோடு கிழித்தார்கள். எல்லாம் அவரவர் பாஷையில்.

மூன்றாவதாக வந்தவர் லாமர் கிட்ரிஜ். கென்டக்கியில் யாரும் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து, பனியில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. வாயில் புகையிலை, கையில் எச்சில் துப்ப ஒரு காகிதக் கோப்பை. அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. என்னைவிட நல்ல ஆள் இந்த நாட்டில் நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு உங்களால் சம்பளம் கொடுக்க முடியாது என்று உட்கார்ந்ததுமே சொன்னார். எனக்குப் பிடித்துப்போனது.

பலகையில் எழுதச் சொன்னார்கள். எழுதமாட்டேன், குவார்ட்டர்பேக்கைக் கூப்பிடுங்கள் என்றார். டாரியன் வகுப்பிலிருந்து ஓடிவந்தான். கிட்ரிஜ் ஒரே ஒரு கோடு போட்டார். பத்தடி நேராக, பிறகு உள்ளே.

“இத நீ என்னன்னு சொல்லுவ, தம்பி?”

“எந்த வருஷத்துல, கோச்?”

எல்லோரும் சிரித்தார்கள். கிட்ரிஜ் சிரிக்கவில்லை. “உனக்கு வாயில எது தானா வருது?”

டாரியன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான். “வாத்து.”

“அப்போ வாத்து. முடிஞ்சுது.” டில்லரி பக்கம் திரும்பினார். “எதுக்கு நாப்பது பேரு என் பாஷையப் படிக்கணும்? நான் ஒருத்தன் அவங்க பாஷையப் படிச்சிட்டுப் போறேன். எனக்கு இன்னும் மூளை வேலை செய்யுது.”

அன்று டில்லரியின் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. கிட்ரிஜின் வண்டி கிளம்பும்வரை பனியில் நின்றார். அப்புறம் உள்ளே வந்து டாரியனின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “இவருதான். உனக்கு இனிமே புது பாஷை கிடையாது. இது என் வாக்கு.”

அது ஜனவரி. வேறு கல்லூரிக்கு மாற நினைக்கிற பையன்கள் பெயர் கொடுப்பதற்கு அந்த மாதத்தில் ஒரு கதவு திறக்கும், சில நாளில் மூடிக்கொள்ளும். ‘வாத்து’ என்று சொல்லிக்கொடுத்தாரே, அந்த முதல் பயிற்சியாளர் இப்போது இண்டியானாவில் இருக்கிறார். டாரியனைத் தன்னிடம் வரச் சொல்லி ஆள்விட்டுக்கொண்டே இருந்தார். போனால் புதிதாக ஒரு வார்த்தை படிக்க வேண்டாம்.

பேரைக் கொடுத்து வை என்று டாரியனிடம் சொன்னேன். இங்கே எந்தக் காகிதத்திலும் யாரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, கிட்ரிஜ் வந்துவிட்டால் நீ வாபஸ் வாங்கிக்கொள் என்றேன்.

“பேரக் குடுத்த அன்னிக்கே என் எடத்துக்கு ஆள் தேட ஆரம்பிச்சிடுவாங்க கோச். அப்புறம் வாபஸ் வாங்கி என்ன பண்றது?”

அது சரிதான். அப்படித்தான் நடக்கும்.

“வாக்குக் குடுத்திருக்காரு” என்றான். “எங்க அம்மாவுக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னாரு.”

கதவு மூடியது. டாரியன் எங்களோடு இருந்தான்.

மறு வாரம் தெற்கே ஒரு பெரிய அணி தன் பயிற்சியாளர்களைக் கூண்டோடு நீக்கியது. அதில் ஒருவர் அவர்களுடைய தாக்குதல் பயிற்சியாளர் பிரென்ட் ஹாலரன். பல வருடங்களுக்கு முன் டில்லரிக்கு வேலை போய், மனைவி நிறைமாதமாக இருந்தபோது, ஹாலரன்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். தன் வீட்டுக் கீழ்த்தளத்தையும் கொடுத்தார். டில்லரியின் மூத்த மகள் அந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். இந்தத் தொழிலில் நீக்கப்பட்டவனை நண்பன் எடுத்துக்கொள்வான். அடுத்த வருடம் தன்னையே நீக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதிவைக்காத இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறுவதில்லை.

ஹாலரனுக்கு வேலை போன செய்தி தெரிந்ததும் டில்லரியின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“டாரியனுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“பிரென்ட் ரொம்பப் பெரிய ஆளு, நோரீன். டாரியனுக்கு நல்லதுதான்.”

“அத நான் கேக்கல.”

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாலரன் தொலைபேசியில் அழுததாகச் சொன்னார். இருபது வருடப் பழக்கத்தில் அந்த மனிதர் அழுது தான் கேட்டதில்லை என்றார். “நான் என்ன பண்ணட்டும்? முடியாதுன்னு சொல்லவா?”

“ஆமா” என்றேன். “எங்க அப்பாவ இறைச்சி ஆலைல வெளிய அனுப்பினப்போ எந்த நண்பனும் கீழ்த்தளம் குடுக்கல கோச். நாங்க உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தோம். அந்தமாதிரி வீட்டுலருந்து வந்த பையன் அவன். உங்க சங்கத்துல அவனுக்கு எடம் இல்ல. அவன்கிட்ட இருக்கறது இந்த ஒரு வருஷம்தான்.”

வெளியே போ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ சொல்வது சரி என்றார். சொல்லிவிட்டு, ஹாலரனை எடுத்துக்கொண்டார்.

கிட்ரிஜிடம் அவரே தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது, இணைப்பு அறுந்தது. பக்கத்து அறையிலிருந்த எனக்கே கேட்டது.

ஹாலரன் கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல மனிதர். எல்லோருக்கும் கோழி இறக்கை வாங்கிக்கொடுப்பார், துப்புரவுக்காரர்களின் பெயர் தெரியும். பழைய வார்த்தைகளையே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். மைதான ஓரத்தில் நிற்கும்போது தன் வாயில் தானாக வருவது தன் வார்த்தைகள்தான், மாற்றினால் தடுமாறப்போவது தான்தான் என்றார். உண்மைதான். இரண்டு பேரில் யாராவது ஒருவர் தடுமாறியாக வேண்டும். யார் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

ஏப்ரலில் பயிற்சி தொடங்கியது. டாரியன் ஹாலரனின் புத்தகத்தைச் சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்திருந்தான். கேட்டால் எல்லாம் சொல்வான், ஒரு பிழை இல்லாமல் சொல்வான். மைதானத்தில் வார்த்தை காதில் விழுந்ததும் அவன் கண் ஒரு கணம் உள்ளே போகும். தேடும். அதற்குள் எதிரே இருப்பவன் வந்துவிடுவான். ஒரு சனிக்கிழமை தொடர்ந்து மூன்று தடவை பந்தைத் தட்டிவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்ற கிழவர்கள் வேறு பையனை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஹாலரன் பொறுமையாகத் திரும்பச் சொல்லச் சொன்னார். நான்காவது தடவை டாரியன் வரிசையில் நின்றவர்களிடம் பழைய பெயரைச் சொல்லிவிட்டான். பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் இன்னொரு பக்கம் ஓடினார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றான்.

அன்று மாலையே ஹாலரன், இரண்டாம் வருடப் பையன் ஒருவனை முதல் அணியோடு ஆடவைத்துப் பார்ப்போம் என்றார். அவனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, அதனால் வேகமாகப் படிக்கிறான். டில்லரி தலையாட்டினார். எல்லோரும் போனபிறகு, இதைத் தானே டாரியனிடம் சொல்லிவிடுவதாக என்னிடம் சொன்னார். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

டாரியன் வீடியோ அறையில் என்னோடு உட்கார்ந்திருந்தபோது அவர் வந்தார். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாம் வருடப் பையனைப் பற்றிச் சொன்னார். டாரியன் கேட்டுக்கொண்டான். அவர் போகாமல் நின்றார்.

“நான் உனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தல” என்றார். “அன்னிக்கு மனசாரத்தான் சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிடு.”

தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டக்காரனிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைப் போகச் சொல்லியிருக்கலாம், எனக்கு எதிரில்தான் சொன்னார்.

டாரியன் திரையை நிறுத்தினான். கோபம் தெரியவில்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்க்கிறவன்போல யோசித்தான்.

“முதல் வருஷமா இருந்தா பரவால்லன்னு சொல்லிருப்பேன், கோச்” என்றான். “இப்ப அப்படிச் சொல்ல எங்கிட்ட வருஷம் இல்ல.”

டில்லரி தொப்பியைத் தலையில் வைக்காமலே வெளியே போனார்.

டாரியன் திரையை மறுபடி ஓடவிட்டான். அது அவன் ஆடியது இல்லை, அந்த இரண்டாம் வருடப் பையன் ஆடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவன் இடதுபக்கம் பார்க்கவே மாட்டேன் என்கிறான், யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான். நாளைக்கு இதே நேரத்துக்கு அவனைக் கூட்டிவரச் சொன்னான்.