எந்த ஊர் என்று கேட்டால்

அது ரமலானுக்கு முன்பா பின்பா என்று எனக்கு உறுதியில்லை. பேச்சுகளையாவது ஓரளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று நம்புகிறேன்.

சிரிய எல்லைக்கு இப்பால் உள்ள மஃப்ரக் நகரில் மஞ்சள் காமாலை பரவியிருந்தது. கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கும் வகை. குஃப்ரான் என்ற சிரியப் பெண் ஏழு மாத வயிற்றோடு நினைவிழந்து கிடந்தாள். நோய் எந்தத் தண்ணீரில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவள் சுகாதார அலுவலகத்து விஜ்தான். அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தாள். ஒன்றும் புலப்படவில்லை. நோய் கண்ட மிச்சப் பேர் சிரிய அகதிகள். அவர்கள் விவரமெல்லாம் தொண்டு மருத்துவமனையில் இருந்தது.

அங்கிருந்த டாக்டர் நிஸாரும் எல்லை தாண்டி ஓடிவந்தவர்தான். தேநீரை அவள் பக்கம் தள்ளினார்.

"பேரு தரமாட்டேன் தங்கச்சி. பாதிப் பேருக்குக் காகிதமே இல்ல. உங்க ஆபீஸ்ல இருந்து போலீசுக்குப் போகாதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

அப்படிச் சத்தியம் செய்ய அவளால் முடியாது.

"பேரு வேண்டாம் டாக்டர். எங்க இருக்காங்கன்னு மட்டும் குடுங்க."

அதற்குச் சம்மதித்துக் கணினியைத் திருப்பினார். விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் தரா, நவா, புஸ்ரா என்றே வரிசையாக இருந்தது. எல்லாம் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்கள்.

"இதென்ன, தினம் எல்லை தாண்டி வந்து ஊசி போட்டுட்டுப் போறாங்களா?"

நிஸார் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எந்த ஊருன்னு கேட்டா வேற எதைச் சொல்வாங்க? வாடகைக்கு இருக்கிற இந்தத் தெருவையா? நானும் அதையேதான் சொல்வேன். இதைப் பதிஞ்ச பொண்ணும் எங்க ஊருக்காரி. அவளுக்கும் தப்பாப் படல."

விஜ்தான் அந்த ஊர்ப்பெயர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்து எழுதச் சொல்ல மனம் வரவில்லை.

"அது அப்படியே இருக்கட்டும். கூட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. மாடித் தொட்டிக்கு யாரு தண்ணி ஊத்துறாங்க?"

"அதுக்கு எவனும் பயப்பட மாட்டான். லாரிக்காரனைத் திட்ட ஆள் கிடைச்சாச்சுன்னு சந்தோஷமாச் சொல்வான்."

அன்றைக்கே அவர் தன் நோயாளிகளிடம் தொலைபேசியில் கேட்டார். அவள் அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கேட்டாள். இரண்டு பக்கமும் பெரும்பாலோர் சொன்னது அபூ ளிர்காம் என்பவரின் தண்ணீர் லாரியை. அவர் லாரியை நிரப்பிக்கொண்ட தனியார் கிணற்றில் பக்கத்துக் கழிவுக்குழி கசிந்திருந்தது.

கிணற்றை மூடினார்கள். அபூ ளிர்காம் இப்போது வேறு கிணற்றில் நிரப்புகிறார். அந்த லாரித் தண்ணீர் குடித்த மற்ற கர்ப்பிணிகள் எல்லோரும் தப்பினார்கள். குஃப்ரான் பிழைத்தாள்; குழந்தை பிழைக்கவில்லை. நிஸார் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார். விஜ்தான் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறாள். இரண்டு மருத்துவமனைகளும் இன்றுவரை நோயாளிகளின் பெயரைப் பகிர்ந்துகொள்வதில்லை. தண்ணீர் யாருடையது என்பதை மட்டும் வாரந்தோறும் சொல்லிக்கொள்கின்றன.