ஆணி அடிக்க அனுமதியில்லை

நாட்டு மக்கள் அனைவரும் செவிமடுக்க வேண்டிய, தேசப் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடைய ஓர் அறிவிப்பு: தளபதியின் இரும்புப் பெட்டி மூட மறுக்கிறது.

காரணம் உள்ளே இருந்த சாமான் அல்ல. வெளியே இருந்த பெயின்ட். இளம் லெஃப்டினன்டாகப் படையில் சேர்ந்தபோது வாங்கிய கறுப்புப் பெட்டி அது. மூடியைச் சுற்றி வெள்ளை எழுத்தில் பதவியும் பெயரும் எழுதியிருக்கும். பதவி உயரும்போதெல்லாம் பழையதன்மேல் ஒரு கறுப்புப் பூச்சு, அதன்மேல் புதிய பதவி. சுரண்டிவிட்டுப் பூசலாம் என்று பெயின்டர்கள் சொல்லிப் பார்த்தார்கள். “பதவியைச் சுரண்டுறதா?” என்று ஒவ்வொரு முறையும் அவர் அதிர்ந்துபோனார். இப்படியாகக் கேப்டன்மேல் மேஜர், மேஜர்மேல் கர்னல், கர்னல்மேல் பிரிகேடியர் என்று ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி உட்கார்ந்ததில் மூடியின் விளிம்பு தடித்துக்கொண்டே போனது. லெஃப்டினன்ட் ஜெனரல் ஏறியதும் கொக்கி எட்டவில்லை.

ஆகவே தளபதியம்மா பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. கல்யாணமான கையோடு அது ஓய்வு பெற்றுவிட்டது. வந்த புதிதில் கேப்டனம்மா. பிறகு மேஜரம்மா, கர்னலம்மா, பிரிகேடியரம்மா. கணவர் போன பாதையில் அவளும் ஒரு படி குறையாமல் ஏறி வந்தாள். சம்பளமும் சல்யூட்டும் மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டன.

பெட்டிக்கு வெளியே அவருடைய பதவி. உள்ளே அவளுடைய படங்கள். கல்யாணப் படம். மகள் சின்ன வயதில் வரைந்த யானை; யானை என்று மகள் சொன்னாள், பார்த்தவர்கள் எல்லாரும் உருளைக்கிழங்கு என்றார்கள். தளபதியம்மாவே துணியில் தைத்துச் சட்டம் போட்ட ஓர் ஆற்றங்கரை. இவற்றில் ஒன்றுகூட எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை. அரசுக் குடியிருப்பில் ஆணி அடிக்கக் கூடாது என்பது விதி. மாற்றலாகிக் காலி செய்யும்போது ஒருவர் டார்ச் விளக்கோடு வந்து சுவர் சுவராகத் தடவிப் பார்ப்பார். துளை இருந்தால் அது கணவரின் கோப்பில் ஏறும். எதிரியின் குண்டு துளைத்த சுவருக்குப் பதக்கம் உண்டு. மனைவியின் ஆணி துளைத்த சுவருக்கு விசாரணை.

இந்த மாதக் கடைசியில் தளபதி ஓய்வு பெறுகிறார். ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டி முடித்தாகிவிட்டது. தலைமையகத்தில் உட்கார்ந்தபடியே தொலைபேசியில் மேற்பார்வை பார்த்துக் கட்டிய வீடு. “சுவர் மேல குண்டு விழுந்தாலும் தாங்கணும்” என்பது கொத்தனாருக்கு உத்தரவு. “யாரு சார் போடப் போறாங்க?” என்று கொத்தனார் கேட்டார். பதில் சொல்லத் தகுந்த கேள்வியாகத் தளபதிக்கு அது படவில்லை. தளபதியம்மா தன் பங்குக்கு ஒரு சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் உண்மையாகவே திட்டமிடப்பட்ட ஒரே படையெடுப்பு அதுதான்.

அதற்கு நடுவில்தான் ஆணையம் வந்து விழுந்தது.

நாட்டில் ஆணையங்கள் காளான்போல் முளைத்துவிட்டதால், தேவையில்லாத ஆணையங்களைக் கண்டுபிடித்துக் கலைப்பதற்கு ஓர் உயர்நிலை ஆணையம் அமைக்க அமைச்சர் தீர்மானித்தார். தலைவருக்கு ஐந்தாண்டுப் பதவி, கொடி வைத்த கார், தோட்டக்காரர், சமையல்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அரசுப் பங்களா. பங்களா என்றால் சுவர். சுவர் என்றால் விதி.

“எதுக்குங்க இன்னும்?” என்றாள் தளபதியம்மா, பெட்டியைவிட்டு இறங்காமல்.

“நாடு கூப்பிடுது. முடியாதுன்னு சொல்ல முடியுமா?”

“நாடு எங்க கூப்பிட்டுச்சு? நீங்கதானே அமைச்சர் வீட்டுக்கு விடாம போன் போட்டுக்கிட்டிருந்தீங்க?”

“நாடு கூப்பிடறதுக்கு வசதியா நம்பர் குடுத்து வச்சேன்.”

“அந்த வீடு?”

“அஞ்சு வருஷம்தானே. வீடு எங்கயும் ஓடிடாது.”

வீடு ஓடாது, முழங்கால்தான் ஓடிவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஐந்து வருஷம் கழித்து ஸ்டூலில் ஏற யாரால் முடியும்?

நாடு இன்னொருவரையும் கூப்பிட்டிருந்தது என்பதுதான் சிக்கல். அவர் வேறு யாருமல்ல, தளபதியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மத்திய அரசில் செயலர். அவரும் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். வாழ்நாள் முழுக்க, மேசைக்கு வந்த ஒவ்வொரு கோப்பிலும் ‘பேசவும்’ என்று ஒரே சொல்லை எழுதித் திருப்பி அனுப்பியே துணைச் செயலர், இணைச் செயலர், கூடுதல் செயலர் என்று படிப்படியாக உயர்ந்தவர். முடிவே எடுக்காதவர்மேல் எந்த முடிவைச் சொல்லிக் குற்றம் சாட்டுவது? அவருடைய பணிப்பதிவு துவைத்த வேட்டிபோல் வெள்ளையாக இருந்தது.

அரசு விழாக்களில் யார் முதல் வரிசையில் உட்காருவது என்ற கணக்கில் இருவரும் சமம். யாரைத் தலைவராக்குவது என்று அமைச்சருக்கே பிடிபடவில்லை. “ஒருத்தர் தலைவர், ஒருத்தர் துணைத் தலைவர். நீங்க ஒரே குடும்பம், பேசி முடிச்சுச் சொல்லுங்க” என்று தள்ளிவிட்டார்.

பேசி முடிக்கத் தம்பி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். வரும்போதே அக்காவுக்குப் பழம், அத்தானுக்குப் புன்னகை. தளபதியும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். நாற்காலியில் யார் முதலில் உட்காருவது என்று இருவரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். தளபதியம்மா தட்டுகளை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பின்னாலேயே தளபதி வந்தார், தண்ணீர் வேண்டும் என்ற சாக்கில். தண்ணீர் மேசைமேல் இருந்தது.

“உன் தம்பிகிட்ட நீயே சொல்லு. துணைத் தலைவர் பதவிதான் அவனுக்குப் பொருத்தம். பேனா எடுத்தா ‘பேசவும்’னு எழுதறதைத் தவிர அவனுக்கு வேற என்ன வரும்? பக்குவமா எடுத்துச் சொல்லு.”

அவர் போனதும் தம்பி வந்தார். கையில் தண்ணீர் நிறைந்த டம்ளர்.

“அக்கா, கொஞ்சம் தண்ணி. அப்புறம், அத்தான்கிட்ட நீதான் பேசணும். துணைத் தலைவர்னா அவருக்கு நிம்மதி. மேல ஒருத்தர் உத்தரவு போடணும், இவர் குதிகாலைத் தட்டணும், இப்படியே பழகினவரு. தலைவரா உட்கார்ந்தா யாருக்கு சல்யூட் அடிக்கிறதுன்னு தெரியாம தவிச்சுப் போயிடுவாரு. பக்குவமா சொல்லுக்கா.”

பக்குவம் என்பது தளபதியம்மாவின் துறை. கணவர் “அந்த முட்டாள்கிட்ட சொல்லிடு” என்று சீறினால், எதிர்வீட்டுக் கர்னலம்மாவிடம் அது “அவர் உங்களை ரொம்ப விசாரிச்சார்” என்று போய்ச் சேரும். மாமியார் அவளைத் திட்டியதுகூடக் கணவர் காதுக்குப் போகாமல் அவளிடமே சர்க்கரையாகிக் கரைந்துபோகும். எத்தனை ஊர், எத்தனை வீடு. ஒவ்வொன்றிலும் சண்டை மூளாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். படைத் தலைமையகத்துக்கு அந்த விவரம் தெரியாது.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். கூடத்தில் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் இடுக்கில் கல்யாணப் படத்தின் ஓரம் தெரிந்தது.

முதன்முதலில் குடிபோன வீடு நினைவுக்கு வந்தது. மொட்டைச் சுவர்களைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது, ஒல்லியாக ஒரு கேப்டன் கல்யாணப் படத்தை எடுத்துச் சுவரோடு வைத்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். “பார்த்துக்கோ. கை வலிக்கிற வரைக்கும் நான்தான் ஆணி” என்றான். அவள் சிரித்து முடிக்கும்வரை இறக்கவில்லை. அதற்காக அவனுக்கு யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை. இந்தப் பூச்சுகளுக்கெல்லாம் அடியில், இரும்பை ஒட்டினாற்போல், எங்கோ அவன் இன்னும் இருக்க வேண்டும்.

அவள் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். பரிமாறினாள். பிறகு, கல்யாணமான நாள்முதல் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள்: சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள்.

“தம்பி, அத்தான் உன்னைத் துணைத் தலைவரா இருக்கச் சொல்றாரு. ‘பேசவும்’னு எழுதறதைத் தவிர உனக்கு வேற எதுவும் வராதாம். ஏங்க, உங்களையும் அவன் துணைத் தலைவராத்தான் இருக்கச் சொல்றான். சல்யூட் அடிக்க மேல ஒரு ஆள் இல்லாட்டி நீங்க தவிச்சுப் போயிடுவீங்களாம். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?”

யாருக்கும் சோறு வேண்டியிருக்கவில்லை.

“எனக்கா ஒண்ணும் வராது?” என்றார் தம்பி. “அத்தான், நீங்க பிரிகேடியர் ஆன கதை ஊருக்கே தெரியும். உங்களுக்கு மேல இருந்த ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்குன்னு பார்த்து உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி! கன்னம் வீங்கி வீட்ல படுத்துக் கிடந்ததாலதானே, எந்தப் பக்கமும் சேராத நல்ல மனுஷன்னு உங்களைத் தூக்கி வச்சாங்க?”

“அது நோய் இல்ல மச்சான், வியூகம்!” என்று தளபதி மேசையைத் தட்டினார். “நீ கூடுதல் செயலர் ஆனது எப்படி? அணைக்கட்டு ஃபைல்ல ‘பேசவும்’னு எழுதினே. பேச வந்தா, நீ லீவு. திரும்பி வந்து மறுபடி ‘பேசவும்’. கடைசி வரைக்கும் அணையே கட்டல. கட்டாத அணை உடையலன்னு உனக்குப் பாராட்டு விழா!”

“வடக்கு எல்லையில சண்டை மூண்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பயிற்சிக் கல்லூரியில பாடம் நடத்திக்கிட்டிருந்தேன்!”

“என்ன பாடம்?”

தளபதி தண்ணீர் குடித்தார். “குதிரை பராமரிப்பு.”

“படையில குதிரை இருந்துச்சா?”

“இருந்திருந்தா பராமரிச்சிருப்போம்!”

இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒருவர் ஏறிய ஏணியின் ஒவ்வொரு படியையும் மற்றவர் கழற்றிக் கழற்றி மேசைமேல் வைத்தார். தளபதியம்மா கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல் இருந்தே இருவரும் உச்சிக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் அடிபட்டார்கள், மாற்றலானார்கள், கோப்பில் சிக்கினார்கள். அவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு எளிமையானதா என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. தன் அரை வாழ்நாளும் அந்த ஏணியை அடியில் பிடித்துக்கொண்டு நின்றவள் அல்லவா?

தம்பி கை கழுவாமலே காரில் ஏறினார்.

மறுநாள் காலையில் அடுத்த அறையில் தளபதி அமைச்சரிடம் போனில் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. “ஐயா, நாட்டு நலனை மனசுல வச்சுச் சொல்றேன். அவர் தலைவரா வர்றதா இருந்தா, இந்த ஆணையமே தேவையில்லைங்க.” தம்பியின் குறிப்பும் அன்றே அமைச்சருக்குப் போனதாகத் தம்பி மனைவி போனில் சொன்னாள். வழக்கமான ‘பேசவும்’ அதில் இல்லையாம். ‘இந்த ஆணையம் தேவையில்லை’ என்று முழு வாக்கியம். அவர் வாழ்நாளில் எடுத்த முதல் முடிவு.

தேவையில்லாத ஆணையங்களைத் தேடிக்கொண்டிருந்த அமைச்சருக்கு, இரண்டு மூத்த நிபுணர்கள் ஒரே குரலில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஆணையம் பிறக்கும் முன்பே தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். பதவியைத் துறந்த இருவரின் தியாகத்தையும் பாராட்டினார்.

தளபதி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. “தியாகம்னு சொல்லிட்டாங்க” என்றார்.

“ஆமாங்க. ரொம்பப் பெரிய தியாகம்.”

தம்பியும் போனில் கூப்பிட்டார். “அக்கா, அன்னிக்கு நீ கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாம்.”

“நீங்க ரெண்டு பேரும் சொன்னதைத்தானேடா சொன்னேன்?”

மாதம் முடிந்தது. மூடாத பெட்டியைக் கயிற்றால் கட்டிப் புது வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். லாரி போனபின் வீட்டில் இரண்டே பேர். தளபதியம்மா கயிற்றை அவிழ்த்தாள், கல்யாணப் படத்தை எடுத்தாள், கைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள்.

“ஆணி அடிக்க யாரையாவது கூப்பிடவா?” என்றார் தளபதி.

“யாரு இருக்கா?”

அவர் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் விறைப்பாக நின்றுகொண்டிருக்கவில்லை. திரும்பி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது தெறித்துப் போய்ச் சோபாவுக்கடியில் விழுந்தது. மூன்றாவதும் வளைந்தபின், அவள் மேலிருந்தபடியே கணவரைப் பார்த்தாள்.

“குண்டு விழுந்தாலும் தாங்கும்னு சொன்னீங்கல்ல?”

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. உத்தரவு அப்படியே நிறைவேற்றப்பட்டிருந்தது. அவருடைய உத்தரவுகளில் அப்படி நிறைவேறியது அநேகமாக இது ஒன்றுதான்.

அவள் இறங்கி வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். தளபதி குனிந்து கல்யாணப் படத்தை எடுத்தார். தூசியைச் சட்டையில் துடைத்தார். சுவரோடு வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பார்த்துக்கோ” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படத்தில் ஓர் ஒல்லிக் கேப்டனும், பெயருள்ள ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

சிரித்து முடிப்பதற்குள், தோள்பட்டை வலிக்கிறது என்று அவர் படத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.