பெண் வீட்டுக்குத் தெரிந்தவர்

மகள் கல்யாணத்தன்று நான் உட்கார்ந்தது மூன்றாவது வரிசையா நான்காவதா என்பதில் இப்போது எனக்கே நிச்சயமில்லை. மச்சினன் போனில் சொன்னது இதே வார்த்தைகள்தானா, இத்தனை வருஷம் மனதுக்குள் சொல்லிச் சொல்லி நானே திருத்திக்கொண்டேனா, அதுவும் தெரியவில்லை.

"வாங்க மாமா. வரவேணாம்னு யாரும் சொல்லல. எல்லாரையும் போல வந்து சாப்பிட்டுப் போங்க. மேடைப் பக்கம் மட்டும் வேணாம். அக்காவால தாங்க முடியாது."

நான் அவர்களை விட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது மகளுக்கு எட்டு வயது. பதினாறு வருஷம் கழித்தும் அவன் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டான். சரி என்றேன். வேறு என்ன கேட்க எனக்கு வாய் இருக்கிறது?

நல்ல விருந்தாளியாக இருந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். கால்மணி நேரம் முன்பே போய் எதிர்க்கடையில் நின்று, சொன்ன நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழைந்தேன். மண்டபம் இரண்டாவது மாடியில். லிஃப்ட், தளத்துக்கு நாலு விரல் கீழேயே நின்றது, இறங்குகிறவர்களெல்லாம் தடுக்கினார்கள். முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கை துறுதுறுத்தது. விருந்துக்கு வந்த இடத்தில் மோட்டார் ரூம் சாவி கேட்பது மரியாதையாக இருக்காது என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளையின் அடுத்த வீட்டுக்காரர். வாய் ஓயாத மனிதர்.

"நீங்க பொண்ணு பக்கமா?"

"ஆமா."

"என்ன உறவு?"

"தெரிஞ்சவங்க."

"அப்ப நம்ம கேஸ்தான்! சாப்பிடவும் ஆள் வேணும்ல!" என்று என் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மேடையில் மகள் ஒரு காலில் பாரம் போட்டு நின்றிருந்தாள். புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும். சின்ன வயதில் என் பாதங்கள் மேல் ஏறி நின்றுகொள்வாள். அப்படியே வீடு முழுக்க நடப்பேன். அந்தக் கனம் எவ்வளவு என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு படத்தில் அவள் பக்கத்தில் நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது.

குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நிறுத்தினார்கள். மகள் புகைப்படக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் மைக்கை எடுத்தார்.

"பொண்ணோட அப்பா வந்திருந்தா மேடைக்கு வாங்க."

தலைகள் திரும்பின. அவள் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே இருக்கிறேன் என்று முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. மேடை ஓரத்தில் நின்ற மச்சினன் குனிந்து தன் காலைப் பார்த்தான். அதற்கு வா என்றும் அர்த்தம் இருக்கலாம், வராதே என்றும் இருக்கலாம்.

"அப்பன் வரல போல" என்றார் பக்கத்துக்காரர், என் காதருகே. "பெத்த பொண்ணு கல்யாணம். என்ன ஜென்மமோ!"

எழுந்தால் அவர் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். வெறும் ஒரு முழங்கால்.

"ஆமாங்க" என்றேன்.

இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அவள் காத்திருந்தாள். பிறகு இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் அம்மா மேஜை மேஜையாக விசாரித்துக்கொண்டே வந்தாள். "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க." எல்லோரிடமும் சொன்ன அதே வாக்கியம். பிறகு என் தட்டை நகர்த்துவது போலக் குனிந்தாள்.

"அவதான் மேடைக்குக் கூப்பிடச் சொன்னா. நானும் சரின்னுதான் சொன்னேன்."

அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

மச்சினன் இப்போது வேறு ஊரில் கடை வைத்திருக்கிறான். அவள் அம்மா மகளோடுதான் இருக்கிறாள்; முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். மாப்பிள்ளை தங்கமான பையன். நான் அரை நாள் மட்டும் வேலைக்குப் போகிறேன். பேரனுக்கு ஐந்து வயது. மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் முன்கூட்டியே போன் செய்துவிட்டு. போன தடவை காபி குடித்த டம்ளரைக் கழுவ எழுந்தேன். "ஐயோ, நீங்க உக்காருங்க" என்று மகள் அதை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தேன்.