ஐந்து அடுப்புகளும் ஒரு பிய்ந்த சித்தோயும்

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. இலக்கியப் பசியெல்லாம் இல்லை, வயிற்றுப் பசிதான். பொகுரா நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகை அறையில் தனியாக இருப்பவன் நான். குளிர்காலம் வந்தால் எனக்கு இராச் சாப்பாடு, தெருவோரம் அடுப்பு வைத்திருக்கும் மொர்ஜினாவின் சித்தோய்தான். மண்சட்டியில் அரிசிமாவு ஊற்றிச் சுட்டு, கருவாட்டுத் துவையலோடு தருவாள். இப்போது ஒரு வாரமாக அறையில் பிஸ்கட் தின்கிறேன். தெருவில் ஐந்து அடுப்பு எரிகிறது, அதனால்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடன் வந்தது, வாழ்வு மலர்ந்—"

அடித்துவிட்டேன். கடன் சங்கத்தின் சுவரொட்டி மாதிரி இருந்தது.

ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால்தான் சங்கம் கடன் தரும். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். மொர்ஜினா தன் அடுப்பருகே வந்து உட்காரும் நான்கு பேரைச் சேர்த்தாள். கடன் கைக்கு வந்ததும் நால்வரும் அவள் தொழிலையே தொடங்கினார்கள், அதே தெருவில். முன்பு ஒருத்தி சுட, நால்வர் கதைபேசித் தின்றார்கள். இப்போது ஐவரும் சுடுகிறார்கள். தின்ன ஆளில்லை.

(இங்கே கட்டுரையாளர்கள் சந்தை, போட்டி என்று எழுதுவார்கள். எழுதட்டும். நான் தனிமை என்றுதான் எழுதுவேன்.)

3

எதிர்ச்சாரியில் ஜோஷ்னாவின் அடுப்பு. நால்வரில் ஒருத்தி, மொர்ஜினாவின் உயிர்த்தோழி. போன வாரம் அவளால் தவணை கட்ட முடியவில்லை. பணம் முழுதும் சேரும்வரை தவணைக் கூட்டத்தில் யாரும் எழக்கூடாது. கடைசியில் மொர்ஜினா கட்டினாள்.

"உனக்கும் சேத்து நான்தான் அழணுமா? வேற தொழிலே கெடைக்கலையாடி?"

"நீ கூப்பிட்டுத்தானேக்கா வந்தேன். உன் பக்கத்துல உக்காந்து பாத்தது இது ஒண்ணுதான். வேறென்ன தெரியும் எனக்கு?"

அதோடு இருவருக்கும் பேச்சில்லை.

4

முதல் சித்தோய் எப்போதும் சட்டியில் ஒட்டிப் பிய்ந்துவிடும். விற்க முடியாது. அது ஜோஷ்னாவுக்கு.

"எனக்குன்னா மட்டும் பிஞ்சதுதான் வருது."

"முழுசா வேணும்னா காச எடு."

இப்படித் திட்டிக்கொண்டே தின்ற காலம் அது. இப்போதும் மொர்ஜினா அதைத் தனியாக ஒரு மூடியில் எடுத்துவைக்கிறாள். காய்ந்துபோகிறது. நேற்று அந்த வழியே போகிறபோக்கில், "அத எனக்குத் தாங்களேன்" என்றேன்.

"அது உங்களுக்கில்ல தம்பி."

5

முடிவு அ: ஜோஷ்னா கடையை மூடிவிட்டு மொர்ஜினாவோடு வந்து உட்காருகிறாள். (தவணையை யார் கட்டுவது? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: நானே மூடியை எடுத்துக்கொண்டு சாலையைக் கட—

என்னால் ஆகவில்லை. யாரிடம் நின்றாலும் மற்ற நால்வரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இந்தப் பிஸ்கட்.

நீங்கள் ஊருக்குப் புதியவர். உங்கள்மேல் யாருக்கும் வருத்தமில்லை. பேருந்திலிருந்து இறங்கி வருகிறீர்கள். மொர்ஜினா இப்போதுதான் முதல் சித்தோயைச் சுரண்டி எடுத்து மூடியில் வைத்திருக்கிறாள். எதிரே ஜோஷ்னா இந்தப் பக்கம் பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாலை அப்படியொன்றும் அகலமில்லை. சூடு ஆறுவதற்குள் கடந்துவிடலாம்.