காது மூடும் தொப்பிகள்

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர்கிடங்கில் அன்பரசனுக்கு வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மைனஸ் இருபது. கம்பெனி ஜாக்கெட் உடம்பைக் காத்தது, காதைக் காக்கவில்லை.

ஜனவரியில், ஊருக்கு வெளியே நடந்த உலகச் சந்தைக்குப் பெட்டிகள் இறக்கப் போனான். அங்கே ஒரு கடையில் இரட்டைப் பின்னலும் வட்டத் தொப்பியுமாகப் பவுலினா உட்கார்ந்திருந்தாள். பெரு நாட்டு மலைவாசி. குஸ்கோ நகரத்தில் ஸ்பானியர் காலத்துக் கல் வளைவுகளின் கீழே தன் இனத்துப் பெண்கள் சரக்குப் பரப்பி விற்கும் சந்தையைப் போனில் காட்டினாள். இங்கே இரண்டு மாதமாக அவளுடைய கம்பளித் தொப்பிகள் அசையவில்லை.

அன்பரசன் காது மூடும் தொப்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தான். கழற்ற மனம் வரவில்லை. விலையைக் கேட்டதும் திருப்பி வைத்தான். அவள் அவனுடைய எவர்சில்வர் டிபன் கேரியரைக் காட்டினாள். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. கடையிலிருந்த ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறையையும் அவன் தொட்டுக் காட்டினான். அவள் யோசித்துவிட்டு இரண்டையும் அவன் பக்கம் தள்ளி வைத்தாள்; மேலே ஒரு சின்னக் கம்பளிப் பொம்மையைப் போட்டு, "யாப்பா" என்றாள்.

"கொசுறா?" என்று சிரித்தான் அன்பரசன்.

மறுநாள் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் நிஜாம் அந்தத் தொப்பியை விடாமல் பார்த்தான்.

"எங்க மாப்ள வாங்குன?"

"வாங்கல, மாத்திக்கிட்டேன். லீவு அன்னிக்கு ஏதாச்சும் நல்ல சாமானா எடுத்துட்டு வா."

லீவு நாளில் குக்கர், இஸ்திரிப் பெட்டி, பிரிக்காத லுங்கி என்று பதினோரு பேர் சந்தைக்கு வந்தார்கள். பவுலினா தரையில் துணி விரித்துச் சம்மணமிட்டாள். பேரம் சூடுபிடித்த நேரத்தில் சந்தையின் சூப்பர்வைசர் வந்தார். பாகிஸ்தானின் சுவாத் மலைப்பக்கத்துப் பட்டாணியர். பில் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று இந்தியில் அதட்டினார். பவுலினா விரித்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அன்பரசன் முன்னே போய், தெரிந்த இந்தியில் சொன்னான்: "பாய், இது வியாபாரம் இல்ல. அவங்க எங்களுக்குக் குடுக்குறாங்க, நாங்க அவங்களுக்குக் குடுக்குறோம்."

சூப்பர்வைசர் குக்கரைப் பார்த்தார், தொப்பிகளைப் பார்த்தார். "கலாஸ், போதும். ஜல்தி முடிங்க" என்று நகர்ந்தார்.

கூட்டம் கலையும்போது ஒரு பிளாஸ்க்கோடு திரும்பி வந்தார். தன் ஊரில் இப்போது பனி, பார்த்து இரண்டு வருஷமான மகளுக்கு ஒரு தொப்பி வேண்டும் என்றார். எவ்வளவு பெரிய பெண் என்று பவுலினா சைகையில் கேட்டாள். அவர் இடுப்பருகே கையை வைத்தார். கொஞ்சம் நின்று யோசித்து, கையை ஒரு சாண் உயர்த்தினார்.