கயிறு தொய்ந்த காலை

மனைவியின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு காய்வதற்குள் மாமனார் தொலைபேசியில் முடிவெடுத்துவிட்டார்.

"நாயா அது? என்னா இழுப்பு இழுக்குது! உங்களால ஆகாது மாப்ளே. மாசக் கடைசியில நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

நாயின் பெயரும் மாப்பிள்ளைதான். கெஞ்சினால்தான் சாப்பிடும், உபசரித்தால்தான் எழுந்துவரும் என்பதால் அவளுடைய பிறந்த வீட்டில் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் மாமனார் "மாப்ளே" என்றால் நாயும் இவனும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள். நகரப் பேருந்தை நெரிசலில் அநாயாசமாக ஓட்டுகிற இவன், தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவன். அதனால் கயிறு எப்போதும் அவள் கையில்தான். அன்று ஒரு பூனையைப் பார்த்து அது பாய்ந்ததில் அவள் குப்புற விழுந்துவிட்டாள்.

அவள் பேக்கரியில் கேக்குகளுக்குப் பூ வரைகிறவள். கை ஒடிந்ததற்குக்கூட அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடது கையால் நாயின் தட்டைக் கழுவித் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்தாள். பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்தது அந்த நாய் ஒன்றுதான் என்பது இவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமனாரை மறுபடி அழைத்தான். "மாமா, அவன் இங்கயே இருக்கட்டும். நான் பழக்கறேன்."

"நீங்களா?" அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சரி, நான் வர்ற வரைக்கும் பாருங்க."

கால்நடை மருத்துவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. "இழுத்தா நின்னுடுங்க. கயிறு லூசானா நடங்க. பக்கத்துல வந்தா ஒரு துண்டு பிஸ்கட். நீங்க திருப்பி இழுக்காதீங்க, கோவப்படாதீங்க."

முதல் நாள் காலை அது இழுத்தது, நின்றான். தொய்ந்தது, நடந்தான். உடனே இழுத்தது. பக்கத்து வீட்டைத் தாண்டுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன டிரைவரே, வீட்டுக்கு வீடு ஸ்டாப்பிங்கா?"

நிறுத்தத்தில் நிற்கவில்லை என்று தினமும் திட்டு வாங்குகிறவன், நின்றதற்காகக் கேலிக்கு ஆளானான். வாசலில் நின்றிருந்த மனைவி கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்த்தான். அதற்காகவே மறுநாளும் கிளம்பினான்.

பிஸ்கட்டை முதலில் எட்ட நின்று தூக்கிப்போட்டான். பிறகு விரல் நுனியில் நீட்டினான். ஒருநாள் உள்ளங்கையில் வைத்தபோது வெதுவெதுப்பான நாக்கு கையை ஈரமாக்கியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நாய் ஒருநாள் தேறும், மறுநாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு இழுக்கும். இவன் நிற்பான். பேருந்தில் பயணிகள் கத்தும்போதுகூட இப்போதெல்லாம் முன்போல் கோபம் வருவதில்லை என்று நடத்துனர் ஆச்சரியப்பட்டார்.

அப்புறம் ஒரு காலை. ஏதோ யோசனையில் நடந்துகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று கையில் கனமே இல்லை. ஐயோ, அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதா! பதறித் திரும்பினான். முழங்காலை ஒட்டி நடந்துவந்த நாய், ஏன் நின்றாய் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தது. கயிறு தரையைத் தொடுமளவு தொய்ந்திருந்தது. நடுத்தெருவில் குனிந்து அதைக் கட்டிக்கொண்டான்.

"டேய் மாப்ளே! டேய்!"

தையல்காரர் கடையிலிருந்து கைதட்டினார்.

மாசக் கடைசியில் மாமனார் காரில் வந்து இறங்கினார். பின்சீட்டில் நாய்க்காகப் பழைய போர்வை விரித்திருந்தது. மகள் இடது கையில் கயிற்றோடு வாசலில் நின்றாள்.

"ஒத்தக் கையாலயாம்மா? விடு, விழுந்துடப் போற."

"பாருங்கப்பா," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். நாய் பக்கத்திலேயே நடந்தது. தெருவின் பாதியில் மதில்மேல் பூனை. நாயின் காதுகள் விறைத்தன, கயிறு நேரானது. அவள் அப்படியே நின்றாள். நாய் பூனையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

மாமனார் திறந்திருந்த கார்க் கதவைச் சாத்தினார். பிறகு, "நானும் வரட்டுமா?" என்று மகளைக் கேட்டபடி செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் வேகமாக நடந்தார்.

இவன் பிஸ்கட் பொட்டலத்தோடு வாசலில் நின்றான். மூவரும் தெருமுனையில் திரும்பினார்கள். கடைசியாகத் தெரிந்தது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்த வால்.